கூடையில் ஏறினால் வாரைக் கொளுவுங்கள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பெயர்ப்பலகை பூட்டுகிற பெடியன்கள் நீளக் கையால் ஆளை மேலே தூக்குகிற பூம் லிப்ட் வாகனத்தின் கூடையில் உடம்பில் ஒன்றும் கட்டாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். சுற்றிவரக் கம்பி இருக்குத்தானே என்பார்கள். அது போதாது. கீழே ஒரு சில்லு சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே மேலே அந்த நீளக் கை வளைத்துவிட்ட மூங்கில் மாதிரி உதறும், நிற்பவரைக் கம்பிக்கு மேலால் தூக்கி எறிந்துவிடும். அதனால் முழு உடம்புக்கும் வார் போட்டு, அதன் கயிற்றைக் கட்டையாக, கூடைக்குள் அதற்கென்றே இருக்கிற வளையத்தில் கொளுவ வேண்டும். பக்கத்துத் தூணில் கொளுவினால் லிப்ட் அசையும்போது கயிறே ஆளை வெளியே இழுத்துவிடும்.

நிலத்தையும் பாருங்கள். மாரியில் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி எப்படி இளகும் என்று வயல் செய்கிற எங்கட ஆக்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வாகனம் சாயாமல் நிலத்தில் ஊன்றுகிற தாங்கு கால்களுக்குக் கீழே தடித்த பலகை வைக்காமலே வேலையைத் தொடங்குகிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் கரண்ட் லைன்தான். 33,000 வோல்ட் கம்பியைத் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாயும். குறைந்தது 3 மீற்றராவது தள்ளி நில்லுங்கள், முடிந்தால் லைனை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கூடை கம்பியில் பட்டுவிட்டால் கீழே நிற்பவர் பதறிப்போய் வாகனத்தில் கை வைக்கக் கூடாது, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை ஒருவரும் கிட்டப் போகக் கூடாது.