அப்பாவின் காலுக்காக அலைந்த பதினோரு மாதம்

போன வாரம்தான் அப்பாவுக்குப் புதுச் செயற்கைக் கால் கிடைத்தது. மலையகத்தில் எங்களைப் போல வேறு குடும்பங்களும் இருக்கலாம், அவர்களாவது இவ்வளவு அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா மலையகத்தில் தலவாக்கலைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வடக்கே கிளிநொச்சிக்குப் போய்விட்டார். யுத்தம் முடிந்து 2010இல் அங்கே மீளக்குடியேறிய சமயம், விறகுக்குப் போன அப்பா மிதிவெடியை மிதித்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்புறம் மலையகத்தில் அம்மாவின் ஊரான தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிட்டோம். பழைய செயற்கைக் கால் தளர்ந்து, உள்ளே கால் ஆடி ஆடிப் புண்ணாகிவிட்டது. புதுக் காலும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவும் கேட்டு அலைச்சல் தொடங்கியது.

இங்கே கிராம சேவகர் அடையாள அட்டையைப் பார்த்தார். "முகவரி கிளிநொச்சி. அங்க போய்க் கேளுங்க." அங்கே கேட்டால், "ஆள் இங்க இல்லையே, நாங்க எப்படிக் கடிதம் தர்றது?" இதிலேயே நான்கு மாதம் போனது. கடைசியில் தோட்ட ஆபீசில் லய (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இலக்கத்தோடு கடிதம் வாங்கி, வாக்காளர் இடாப்பில் அப்பாவின் பெயரை இங்கே ஏற்றிய பிறகுதான் கதவு திறந்தது. வேறு எதையும் தொடுமுன் இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரிப் பதிவு. மிதிவெடிக் காயம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அப்போது வடக்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையோ, கூரை ஒழுகியதில் நனைந்து, மை முழுக்கக் கரைந்திருந்தது. இரவு பஸ் பிடித்து வடக்கே போய் இறங்கினால், அன்று போயா, பௌர்ணமி விடுமுறை! பதிவறை பூட்டு. அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். பஸ் நிலையத்து வாங்கில் காலைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. மறுநாள் போனால், வார்டு டிக்கெட் இலக்கம் இல்லாமல் தேட முடியாது என்று எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிட்டார்.

இலக்கம் வீட்டில்தான் இருந்தது! அரிசி வாளிக்கு அடியில் அம்மா விரித்திருந்த எக்ஸ்ரே உறையின் மூலையில், நீலப் பேனையில். பழைய எக்ஸ்ரே உறையைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். சின்னம்மா மகள் வடக்கே மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறாள். அப்பா எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு போய், இரண்டாம் தடவையில் பதிவின் பிரதியை வாங்கிவிட்டாள். வெயிலில் மண்டியிட்டு, கருவி சத்தம் போட்ட இடத்தில் மண்ணைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிற பிள்ளைக்கு ஒரு மேசையின் முன்னால் காத்திருக்கவா தெரியாது?

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். இலங்கை 2017 டிசம்பரில் அதில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை கெடு என்பது பலருக்குத் தெரியும். காயப்பட்டவர்களுக்கு உதவுவதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. இங்கே ஒரு உத்தியோகத்தரோ, "மிதிவெடியா? அது வடக்குப் பிரச்சினையாச்சே" என்றார். வெடி வடக்கில்தான் வெடித்தது, ஆனால் அந்தக் கால் இப்போது தேயிலை மலையில்தான் ஏறி இறங்குகிறது.

அளவெடுத்தது, பொருத்தியது எல்லாம் சுலபமாக முடிந்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் மலைச்சரிவில் குடியிருப்பதை அளவெடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சமதரையில் நான்கு அடி நடந்து பார்த்து, சரி என்று வாங்கி வந்துவிடாதீர்கள். நாங்கள் அங்கேயே படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்தோம். இறங்கும்போது முன்பக்கம் உரசியது. உடனே திருத்திக் கொடுத்தார்கள்.

கொடுப்பனவுக்குப் பெயர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது. பதிவின் பிரதியை மூன்றாக எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். அப்பா நேற்று லயத்துப் படிகளில் இறங்கிப் பீலிக்குப் போய், ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.