நிலநடுக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை: டோக்கியோவில் ஒரு கோபுரம் கட்டிய அனுபவம்

டோக்கியோவில் உயரமான கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்பது ஒன்றுதான்: "அங்கே அடிக்கடி நிலம் ஆடுமே, எப்படிக் கட்டுகிறீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் வரைபடத்தில் தொடங்கிச் சாவி கொடுக்கும் வரை நான் கூடவே இருந்த முதல் கட்டடத்தில் எங்களை அதிகம் படுத்தி எடுத்தது வேறு விஷயங்கள். மினாட்டோ வார்டில், 200 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலுவலகக் கோபுரம் அது. பெயர் வேண்டாம்.

நான் அந்த வேலையில் சேர்ந்தபோது நிலத்துக்கான பேச்சு தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. டோக்கியோவின் நடுவில் பெரிய காலி மனை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. பழைய மர வீடுகள், நாலு மாடிக் கட்டடங்கள், கீழே கடை மேலே குடித்தனம் என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சில இடங்களில் நிலம் ஒருவருடையது, அதன் மேலிருக்கும் வீடு இன்னொருவருடையது. 1969-ல் வந்த நகர மறுமேம்பாட்டுச் சட்டப்படி இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம். அதற்கு நிலச் சொந்தக்காரர்களிலும் குத்தகைதாரர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஆனாலும் மீதி ஒரு பங்கை எதிரில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்க யாருக்கும் துணிச்சல் வராது, அதனால் பேசிக்கொண்டே இருப்பார்கள். கொடுத்த நிலத்துக்கு ஈடாகப் புதுக் கட்டடத்தில் தளப் பரப்பு கிடைக்கும். மிச்சத் தளங்களை விற்ற பணத்தில் கட்டுமானச் செலவு தேறும்.

2003-ல் திறந்த ரொப்பொங்கி ஹில்ஸ் என்ற பெரிய கட்டட வளாகத்துக்கு இப்படிச் சுமார் 17 வருடம் பிடித்தது. அதே போன்ற இன்னொரு வளாகமான அசாபுதாய் ஹில்ஸில் மக்கள் கூடிப் பேசுவதற்கான மன்றம் 1989-ல் அமைந்தது, கட்டுமானம் 2019-ல்தான் தொடங்கியது, திறப்பு விழா 2023-ல். சுமார் 300 உரிமையாளர்கள். இன்று ஜப்பானின் மிக உயரமான கட்டடமாக 325 மீட்டரில் அங்கே நிற்கும் கோபுரம் எழும்ப நாலு வருடம், அதற்கு முன்னால் பேச்சு முப்பது வருடம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். டோக்கியோ மாநகரில் 1978 முதல் ஒரு விதி உண்டு. உயரமான கட்டடத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே மனையில் பெரிய அறிவிப்புப் பலகை வைத்துவிட வேண்டும். அப்புறம் அக்கம்பக்கத்தாருக்குத் திட்டத்தை விளக்க வேண்டும். அக்கம்பக்கம் என்றால் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம். எங்களுக்கு நாலு பக்கமும் கிட்டத்தட்ட 400 மீட்டர் வந்தது. அதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளே எத்தனையோ.

விளக்கக் கூட்டத்துக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். நிலநடுக்கம் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல. ஒரு கேள்வியும் வரவில்லை. கேட்டதெல்லாம் வெயில், காற்று, டிவி, லாரி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கான்கிரீட் லாரி எந்தத் தெருவில் வரும் என்பதற்கு மட்டும் வெகுநேரம் போனது.

வெயில் இங்கே சாதாரண விஷயம் இல்லை. மெத்தையையும் துணியையும் பால்கனியில் காயப்போட்டு வாழ்கிற ஊர். நிழல் கட்டுப்பாடு 1976-லேயே கட்டடச் சட்டத்தில் ஏறிவிட்டது. டிசம்பரில் பகல் மிகக் குறுகிய நாளில், காலை 8 முதல் மாலை 4 வரை நிழல் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று வரைந்து காட்ட வேண்டும். வணிகப் பகுதிக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் நிழல் வணிகப் பகுதியோடு நின்றுவிடுமா? 200 மீட்டர் கட்டடத்தின் நிழல் அன்றைக்கு உச்சி நேரத்திலேயே 330 மீட்டர் நீளும், காலை 8 மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். தெருவைத் தாண்டிக் குடியிருப்புப் பகுதியைத் தொட்டதும் விதி வந்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கோபுரத்தை அகலம் குறைத்து ஒல்லியாக வைக்கிறோம். ஒல்லியான நிழல் ஒரு வீட்டின் மேல் நெடுநேரம் நிற்காது. ஒரு அம்மா எழுந்து, தன் பால்கனியில் எத்தனை மணிக்கு வெயில் போகும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டார். எங்கள் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைப் பார்த்து நிமிடக் கணக்கில் பதில் சொன்னார். அந்த அம்மாவும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டார்.

டிவி விவகாரம் எனக்கே புதிது. 2013 முதல் டோக்கியோவின் டிவி அலைகள் ஸ்கைட்ரீ என்ற ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வருகின்றன. எங்கள் மனைக்கு அது வடகிழக்கே. ஆகவே வெயில் மறைவது வடக்கே இருப்பவர்களுக்கு, டிவி மறைவது தென்மேற்கே இருப்பவர்களுக்கு. இரண்டு கூட்டமும் வேறு வேறு ஆட்கள், இரண்டு பேரிடமும் தனித்தனியாகத் தலைவணங்க வேண்டும்.

அடுத்தது என் சொந்த வேலை. ஜப்பானில் 60 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குச் சாதாரண அனுமதி போதாது. நிலநடுக்க அலையை நொடிக்கு நொடி கணினியில் கட்டடத்தின் மேல் ஓட்டிப் பார்த்து, பேராசிரியர்கள் அடங்கிய குழுவின் முன் விளக்கி, கடைசியில் நிலம் மற்றும் போக்குவரத்துத் துறை அமைச்சரின் ஒப்புதல் பெற வேண்டும். 1940-ன் எல் சென்ட்ரோ, 1952-ன் டாஃப்ட், 1968-ன் ஹச்சினோஹே என்று பதிவான பழைய அலைகளும் உண்டு, அரசு வரையறுத்த அலைகளும் உண்டு. பொதுவாக நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவு, மிகப் பெரிய அதிர்விலும் ஒரு தளம் அடுத்த தளத்தைவிட அதன் உயரத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நகரக்கூடாது என்பது. 4 மீட்டர் தளத்துக்கு 4 சென்டிமீட்டர்.

இதில் 2011 மார்ச் 11 ஒரு பெரிய மாற்றம் கொண்டுவந்தது. அன்று வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒசாக்காவில் 256 மீட்டர் உயரமுள்ள சாக்கிஷிமா அரசுக் கட்டடம் சுமார் பத்து நிமிடம் ஆடியது. உச்சியில் ஒரு மீட்டருக்கும் மேல். மெதுவாக, நீளமாக வரும் அலையும் கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆகிவிடும். 2017 ஏப்ரலிலிருந்து டோக்கியோ, ஒசாக்கா உள்ளிட்ட பகுதிகளில் புதிதாகக் கட்டும் உயரக் கட்டடங்கள் இந்த நீண்ட அலைகளையும் தாங்கும் என்று காட்ட வேண்டும். குழுவில் ஒருவர் என்னைத் துருவியது அதைத்தான். இத்தனை நிமிடம் ஆடினால், ஆட்டத்தை அடக்க வைத்திருக்கும் ஆயில் டேம்பருக்குள் எண்ணெய் சூடாகிவிடுமே, அதன் தடுக்கும் சக்தி குறைந்தால் உங்கள் கணக்கு என்ன ஆகும்? திரும்பப் போய், சூடான டேம்பரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். வேலை அதிகம்தான், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி அது. கேள்வி தெளிவாக இருந்தது, பதிலும் இருந்தது.

அப்புறம் பூமி பூஜை. ஷிண்டோ பூசாரி வந்தார், சாக்கே என்ற அரிசி மதுவைப் படைத்தோம், கோட் சூட்டோடு எல்லாரும் குனிந்து நின்றோம்.

மண்ணுக்குக் கீழே பழைய கட்டடத்தின் அடித்தளமும், ஆழத்தில் இறக்கிய பைல் தூண்களும் இருந்தன. பக்கத்திலேயே சுரங்க ரயில் பாதை. தோண்டும்போது அந்தப் பாதை நகர்கிறதா என்று இரவும் பகலும் கருவிகள் பார்த்துக்கொண்டிருந்தன. தொல்பொருள் கிடைத்தால் அகழாய்வு முடியும் வரை காத்திருக்க வேண்டும், செலவும் பெரும்பாலும் கட்டுபவர் தலையில். 2019-ல் டோக்கியோவின் தகானவாவில், 1872-ம் வருடத்து ஜப்பானின் முதல் ரயில் பாதைக்காகக் கடலில் எழுப்பிய கரை மேடு வெளிப்பட்டு, அங்கே திட்டத்தையே மாற்ற வேண்டிவந்தது. எங்களுக்கு ஏதோ காலத்துப் பானை ஓடுகளோடு போயிற்று. நேரத்தை மிச்சம் பிடிக்க, முதலில் தரைத்தளத்தைப் போட்டுவிட்டு மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டு போனோம்.

சைட்டில் பொருள் வைக்க இடமே இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் நேரம் குறித்திருக்கும். வந்ததும் கிரேன் தூக்கிவிட வேண்டும், பத்து நிமிட சராசரியில் காற்று நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கிரேன் நிற்கும், அன்றைய அட்டவணை முழுக்கக் கலையும். வேலியில் ஒலி அளவைக் காட்டும் திரை, சட்ட வரம்பு 85 டெசிபல். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. இரும்புத் தூண் நேராக நிற்கிறதா என்று விடியற்காலையிலேயே அளந்துவிடுவோம், வெயில் ஒரு பக்கம் பட்டால் தூண் மறுபக்கம் வளையும்.

கட்டி முடித்ததும் அக்கம்பக்க வீடுகளுக்கு மறுபடி போக வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீட்டின் சுவர் விரிசலையும் அளந்து போட்டோ எடுத்து வைத்திருந்தோம். இப்போது அதே இடங்களை ஒப்பிட்டு, நீண்டிருந்தால் சரிசெய்து கொடுக்கிறோம். ஒரு பெரியவர் வாசல் விரிசலைக் காட்டி, இது பழசு, உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றார். பக்கத்து வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். விரிவாகச் சொல்ல வேண்டாம்.

மிச்சம் இருப்பது காற்று. கோபுரத்தின் மூலையில் குளிர்காலத்து வடமேற்குக் காற்று வேகமெடுக்கும் என்று மாதிரி வைத்து முன்பே பார்த்திருந்தோம். அதனால் இலை உதிர்க்காத மரங்களை வரிசையாக நட்டிருக்கிறோம். உதிர்க்கிற மரம் காற்று அடிக்கும் மாதங்களில் மொட்டையாக நின்று பயன்படாது. காற்றுமானிகள் இந்தக் குளிர்காலம் முடியும் வரை ஓடும். எண்கள் முன்பு சொன்னதோடு ஒத்துவராவிட்டால் தெற்கு வாசலருகே இன்னும் ஒரு வரிசை மரம் வைக்க இடம் விட்டிருக்கிறோம்.