இரண்டாவது குழந்தையும் பிரிட்டன் ஸ்பவுஸ் விசாவும்: எதை முதலில் செய்வது

ஒருவர் லண்டனில், ஒருவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ. மூத்த குழந்தை இருவரில் ஒருவரிடம். "அடுத்தது எப்போது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்க ஆரம்பிக்கும்போதுதான் துணையை பிரிட்டனுக்கு அழைத்துக்கொள்ளும் ஸ்பவுஸ் விசாவுக்கான காகிதங்களும் மேசைக்கு வரும். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முழுகாமல் இருப்பது விசாவுக்குத் தடை அல்ல. அதை வைத்து யாரும் மறுப்பதும் இல்லை, சலுகை தருவதும் இல்லை. சிக்கலைக் கொண்டுவருபவை தேதிகள்: டிபி (காசநோய்) எக்ஸ்ரே எடுத்த தேதி, ஸ்பான்சரின், அதாவது பிரிட்டனில் இருந்து அழைப்பவரின், சம்பளச் சீட்டுகள் தொடங்கும் தேதி, விமானத்தில் ஏறக்கூடிய கடைசி வாரம், குழந்தை எந்த நாட்டில் பிறக்கிறது என்பது. விசா யாருக்கு, வயிற்றில் பிள்ளை யாருக்கு என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

முதலில், ஊரில் இருக்கும் மனைவி விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு டிபி சான்றிதழ் கட்டாயம். பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே எடுக்க வேண்டும். பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டர் அறிக்கை செல்லாது. சான்றிதழ் 6 மாதம் செல்லும். கர்ப்பமாக இருப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டாம் அல்லது மூன்றாம் மும்மாதத்தில் வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எக்ஸ்ரே எடுக்கலாம். எக்ஸ்ரே வேண்டாமென்றால் சளிப் பரிசோதனை. அதுவும் வேண்டாமென்றால் பிரசவம் முடியும்வரை காத்திருப்பது. சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனை முடிவு வர 8 வாரம்வரை ஆகலாம், செலவும் கூடுதல்.

இப்போது பிரசவ தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து போடும் ஸ்பவுஸ் விசாவுக்கு முடிவு சொல்லும் கால அளவு 12 வாரம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டினால் டாக்டர் கடிதம் கேட்கும். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது, இரட்டை என்றால் 32. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானமே பத்து மணி நேரத்துக்கு மேல். ஆகவே 28 வாரத்துக்குள் போய் இறங்குவதே நிம்மதி. விசா கையில் வந்தபின் டிக்கெட், வீட்டைக் காலி செய்வது, மூத்த பிள்ளையின் பள்ளி டிசி என்று இரண்டு மூன்று வாரம் போகும். அப்படியானால் 12, 13 வாரத்தில் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் எக்ஸ்ரே எடுக்க முடியாது. இரண்டாம் மும்மாதம் வரட்டும் என்று காத்திருந்து, 15 வாரத்தில் எக்ஸ்ரே, 16இல் விண்ணப்பம் என்றால் முடிவு 28 வாரத்தை ஒட்டித்தான் வரும். இடையில் ஒரு கூடுதல் ஆவணம் கேட்டார்கள் என்றால் பிரசவம் ஊரில்தான்.

அதனால் எங்கள் அழுத்தமான ஆலோசனை: குழந்தைக்கு முயல்வதற்கு முன்பே எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள். சான்றிதழ் கையில் இருக்கும் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். அதற்குள் கருத்தரித்தாலும் கவலையில்லை. விசாவுக்கு வேண்டிய ஏ1 (அடிப்படை) நிலை ஆங்கிலத் தேர்வையும் அதே சமயத்தில் முடித்துவிடுங்கள், அதன் முடிவு இரண்டு ஆண்டு செல்லும். வாந்தியும் மயக்கமுமாக இருக்கும் மூன்றாம் மாதத்தில் தேர்வு மையத்துக்கு ஒரு பெண்ணை அனுப்புவது தேவையற்ற கொடுமை.

"விசிட் விசாவில் போய்ப் பிரசவத்தை முடித்துக்கொண்டு, அங்கேயே ஸ்பவுஸ் விசாவுக்கு மாறிவிடலாமே" என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். விசிட் விசாவிலிருந்து பிரிட்டனுக்குள் இருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாற விதி இடம் தருவதில்லை. மகப்பேறு சிகிச்சையை பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் மறுக்காது, ஆனால் சுற்றுலாப் பயணியிடம் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் பில் போடும். கட்டாமல் விட்ட பாக்கி 500 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த விசாவை மறுக்க அதுவே காரணமாகலாம். ஸ்பவுஸ் விசாவில் வருபவருக்கு இந்தக் கவலை கிடையாது. விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் கட்டியாகிவிட்டது: ஆண்டுக்கு 1,035 வீதம், 33 மாத விசாவை மூன்று ஆண்டாகக் கணக்கிட்டு 3,105 பவுண்ட். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 ஆனது. அந்தக் கணக்கில் ஒரு ஆளுக்கு 5,043 பவுண்ட். கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏறும், அந்த மாதத்தைத் தாண்டுவதற்குள் போடப் பாருங்கள்.

வந்து இறங்கியதும் ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) பதிவு, மிட்வைஃப் (பிரசவ செவிலியர்) அப்பாயின்ட்மென்ட். ஊரில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகள், இரத்த வகை, சர்க்கரைப் பரிசோதனை, போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் கைப்பையில் கொண்டுவாருங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். மூத்த குழந்தை சிசேரியன் என்றால் அந்த அறுவைசிகிச்சைக் குறிப்பு மிக முக்கியம். எதற்காகச் செய்தார்கள், எந்த வகைக் கீறல் என்பதை வைத்துத்தான் இங்கே சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவு செய்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது ஒரு வரியோடு முடிந்திருந்தால், மருத்துவமனையில் கேட்டு விரிவாக வாங்கிக்கொள்வது நல்லது.

இனி மறுபக்கம். மனைவி பிரிட்டனில் வேலை பார்க்கிறார், கணவருக்கு விசா போட வேண்டும், இரண்டாவது குழந்தை வரப்போகிறது. இங்கே எக்ஸ்ரே பிரச்சினை இல்லை, பிரச்சினை முழுக்கச் சம்பளம். 2024 ஏப்ரல் 11 முதல் ஸ்பான்சரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் இருக்க வேண்டும். முன்பு 18,600 என்றிருந்தபோது பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை காட்ட வேண்டியிருந்தது. புதிய விதியில் அது நீங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து போடும் முதல் விண்ணப்பத்தில் கணவர் ஊரில் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. மனைவியின் வருமானம், அல்லது சேமிப்பு. சேமிப்பு மட்டும் என்றால் 88,500 பவுண்ட், ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலானோருக்கு மனைவியின் வேலைதான் ஆதாரம்.

அதே முதலாளியிடம் ஆறு மாதமாக 29,000க்குக் குறையாத சம்பளத்தில் இருந்தால் வழி எளிது: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். கடைசி ஆவணம் விண்ணப்ப தேதிக்கு 28 நாளுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. சீட்டில் உள்ள நிகரத் தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் வாங்குபவர்கள், அது வங்கியில் போடப்படாதவரை இல்லாத வருமானமாகவே கருதப்படும் என்பதை நினைவில் வைக்கவும்.

மெட்டர்னிட்டி லீவு வந்ததும் சட்டப்படியான மகப்பேறு ஊதியம் முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், அடுத்த 33 வாரம் 2025-26 கணக்கில் வாரத்துக்கு அதிகபட்சம் 187.18 பவுண்ட். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 29,000ஐ நெருங்கவே நெருங்காது. இதைப் பார்த்து "இனி ஒரு வருஷத்துக்கு விசா போட முடியாது" என்று கைவிட்டவர்கள் உண்டு. அது தவறு. ஸ்பான்சர் லீவில் இருந்தால், விண்ணப்ப தேதிக்குப் பதிலாக லீவு தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி ஆறு மாதச் சம்பளத்தைக் காட்ட விதி இடம் தருகிறது. முதலாளியின் கடிதத்தில் வேலையில் சேர்ந்த தேதி, லீவுக்கு முந்தைய ஆண்டுச் சம்பளம், லீவு தொடங்கிய தேதி, மகப்பேறு ஊதியத்துக்கு உரிமை உண்டு என்பது, வேலை தொடர்கிறது என்பது எல்லாம் வர வேண்டும். ஹெச்ஆர் துறைகள் வழக்கமாகத் தரும் மூன்று வரிக் கடிதத்தில் இவை இருக்காது. வேண்டிய விவரங்களை நீங்களே எழுதிக் கொடுத்து, அதன்படி தட்டச்சு செய்து தரச் சொல்லுங்கள்.

ஆனாலும் லீவு தொடங்குமுன் போடுவதே சுத்தம். பிரசவத்துக்கு முன் 11 வாரத்திலிருந்து லீவு தொடங்கலாம். அதற்கு முன்பே முழுச் சம்பளத்தின் ஆறு சீட்டுகள் கையில் இருந்தால் 20 வார வாக்கில் விண்ணப்பத்தைப் போட்டு, குழந்தை பிறப்பதற்குள் கணவர் வந்து சேர வாய்ப்புண்டு. புது வேலையில் சேர்ந்த உடனே கருத்தரித்தால் இது நடக்காது. ஆறு மாதச் சீட்டு சேர்வதற்குள் ஆறு மாதக் கர்ப்பம், அதற்கு மேல் 12 வாரம். தவிர, மகப்பேறு ஊதியத்துக்கே பிரசவ வாரத்துக்கு முந்தைய 15ஆவது வாரம்வரை அதே முதலாளியிடம் 26 வாரம் வேலை பார்த்திருக்க வேண்டும். வேலை மாறும் எண்ணம் இருந்தால் முதலில் மாறுங்கள், ஓரிரு மாதம் கழித்துக் குழந்தைக்கு முயலுங்கள். வயதோ உடல்நிலையோ காத்திருக்க விடாதென்றால், குழந்தையைத் தள்ளிப்போடாதீர்கள். விசாவுக்கு இரண்டாம் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது: லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்துக்கொள்வது. 36,000 வாங்கியவர் மூன்று நாளுக்கு மாறினால் 21,600. ஆறு மாதத்தில் இருந்த மிகக் குறைந்த சம்பள நிலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். நாளைக் குறைக்கும் எண்ணம் இருந்தால், லீவில் இருக்கும்போதே விண்ணப்பத்தைப் போட்டு, முடிவு வந்த பிறகு குறைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை எங்கே பிறக்கிறது என்பதில்தான் பணம் அதிகம் புரளும். பிரிட்டனில் பிறந்து, பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடிமகனாகவோ ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரம்பின்றித் தங்கும் அனுமதி) உள்ளவராகவோ இருந்தால் குழந்தை பிறக்கும்போதே பிரிட்டிஷ். ஊரில் பிறந்தால் அப்படியில்லை. பிரிட்டனில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் அல்லது அங்கே குடியுரிமை பெற்ற ஒருவரின் குழந்தை என்றால் வம்சாவளி மூலம் பிரிட்டிஷ். வெறும் ஐஎல்ஆர் மட்டும் உள்ளவரின் குழந்தை பிரிட்டிஷ் அல்ல. தாயோடு சேர்ந்து தனி விசா போட வேண்டும். 2025 கணக்கில் 1,938 பவுண்ட் கட்டணம், குழந்தைக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 வீதம் 2,328, மொத்தம் 4,266. ஸ்பான்சர் ஐஎல்ஆர் பெற்று 12 மாதம் ஆகியிருந்தால், அதற்குப் பதில் அவரே குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது 2025 கணக்கில் 1,735 பவுண்டில் முடிந்தது. முடிவு வர ஆறு மாதம்வரை ஆகலாம், குழந்தை பிறப்பதற்கு முன் குடியுரிமை விழா முடிந்திருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அதை இழப்பார்கள் என்பதால் வீட்டில் பேசி முடிவெடுங்கள். இலங்கைக்காரர்களுக்கு இரட்டைக் குடியுரிமை கேட்கும் வழி உண்டு.

பிரசவம் தமிழ்நாட்டில் நடக்க ஒரு சதவீத வாய்ப்பு இருந்தாலும் பிக்மி எண்ணை (தமிழ்நாடு அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) பதிந்து வையுங்கள், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இழுபடும். குழந்தைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியாவை விட்டு வெளியேற எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டினர் பதிவு அலுவலகம்) எக்ஸிட் பர்மிட் வாங்க வேண்டியிருக்கும். பெயரிலும் கவனம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்தும் திருமணச் சான்றிதழில் சுருங்கியும் இருந்தால், பிறப்புச் சான்றிதழ் பதியும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது குழந்தை பிறந்தாலோ ஸ்பான்சரின் வேலை மாறினாலோ உடனே எழுதித் தெரிவியுங்கள். விண்ணப்பத்துக்குப் பின் ஊரில் பிறந்த குழந்தை தாயின் விசாவில் தானாகச் சேராது.

மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்பவர்கள் பிரிட்டன் வந்ததிலிருந்து 30ஆவது மாதத்தையும் காலண்டரில் குறித்துவையுங்கள். விசா நீட்டிப்பு அப்போதுதான், வருமானக் கணக்கு மீண்டும் வரும். அந்த முறை பிரிட்டனில் வேலை பார்க்கும் இருவரின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம் என்பதால், ஒருவர் லீவில் இருந்தாலும் மற்றவர் 29,000க்குக் குறையாத சம்பளத்தில் ஆறு மாதம் கடந்திருந்தால் போதும்.