கிறிஸ்டல் பேலஸ் மாடல்: கூரை வாய்க்கால் ஒருவழியாகச் சரியாக உட்கார்ந்தது

1851 உலகக் கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய கிறிஸ்டல் பேலஸுக்கு நான் செய்யும் மாடலில், குறுக்குக் கூடத்தை ஒட்டிய நான்கு கட்டங்களுக்கும் கூரை ஏறிவிட்டது. ஒரு முகடுகூடக் கோணவில்லை! அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

அளவு 1:100. லண்டன் ஹைட் பார்க்கில் 1851-இல் நின்ற அசல் கட்டடம் 1,848 அடி நீளம், முழுதாகச் செய்தால் ஐந்தரை மீட்டரைத் தாண்டும், எந்த வீட்டில் வைப்பது? அதனால் நடுவில் இருக்கும் குறுக்குக் கூடமும் இரண்டு பக்கமும் கொஞ்சமும் போதும் என்று முடிவு செய்தேன். எல்லாமே 24 அடிக் கட்டம் என்பதால் 73.2 மி.மீ. என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வேலையை ஓட்டலாம். தூண்கள் வெளிவிட்டம் 8 அங்குலம், அதாவது 2 மி.மீ. பிளாஸ்டிக் கம்பி அப்படியே பொருந்துகிறது.

கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட், அதாவது புரொஜெக்டரில் வைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். அசல் கண்ணாடி 49-க்கு 10 அங்குலம், முகட்டிலிருந்து வாய்க்கால் வரை ஒரே துண்டு. அதனால் 2.5 மி.மீ.க்கு ஒரு கீறல் போட்டு, வெள்ளை அக்ரிலிக்கைத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் பெயிண்ட் நின்று சட்டம் மாதிரியே தெரியும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இரண்டு கண்ணாடிச் சரிவுகள் சேரும் பள்ளத்தில் ஓடும் வாய்க்கால்தான் விஷயம். இந்தக் கட்டடம் என்றால் எல்லோரும் கண்ணாடியைத்தான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டனின் மூளை முழுக்க அந்த மர வாய்க்காலில் இருக்கிறது. மேலே ஒரு பள்ளம், மழைத் தண்ணீருக்கு. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் காடிகள், கண்ணாடியின் உட்புறத்தில் வியர்த்து வழியும் தண்ணீருக்கு. அடியில் இரும்புக் கம்பியைக் கட்டி இழுத்து நடுவைச் சற்று மேலே வளைத்திருக்கிறார்கள், தண்ணீர் தானாக இரண்டு முனைக்கும் ஓடி, பெரிய வாய்க்காலில் விழுந்து, உள்ளே பொள்ளலான தூண் வழியாகவே கீழே இறங்கிவிடும். தனியாக வடிகுழாயே கிடையாது. கட்டும்போது இதே வாய்க்கால்கள்தான் தண்டவாளம். சக்கரம் வைத்த வண்டி அதன்மேல் உருண்டு போக, அதில் உட்கார்ந்தபடி 80 பேர் ஒரே வாரத்தில் 18,000 கண்ணாடிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு வேலை செய்யும் ஒரு பொருளை வெறும் பட்டையாக ஒட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

2 மி.மீ. பட்டையில் பள்ளம் எடுக்கக் கத்தி சரிப்படாது, வழுக்கும். ஹேக்சா பிளேடு துண்டு ஒன்றை மரக்கட்டையில் பற்கள் லேசாகத் தெரியும்படி இறுக்கி, பக்கத்தில் இரண்டு தடுப்பு வைத்து, பட்டையை அதன்மேல் ஒரே திசையில் இழுத்தேன். நான்கைந்து இழுப்பில் நேரான பள்ளம் விழுகிறது. முன்னும் பின்னும் தேய்க்கவே கூடாது, ஓரம் பிய்ந்துவிடும். வளைவுக்கு 0.3 மி.மீ. செம்புக் கம்பி, அடியில் இரண்டு குட்டி முட்டுக்கால். நடுவில் அரை மி.மீ. சொச்சம்தான் எழும்பும், ஆனால் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் நன்றாகவே தெரிகிறது. இந்த வளைவு வந்த பிறகுதான் மேலே வைத்த கண்ணாடி மடிப்புகள் துள்ளாமல் உட்கார்ந்தன. ஒட்டுவதற்கு யூவி பசை (புற ஊதா வெளிச்சம் பட்டால் இறுகுவது). சூப்பர் குளூ கண்ணாடி வேலைக்கு ஆகவே ஆகாது, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும்.

2 மி.மீ. கம்பி வாங்குகிறவர்கள் கடையிலேயே கேலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஆன்லைனில் எனக்கு வந்த ஒரு கட்டு முழுக்க 1.8, விலையோ 2 மி.மீ.க்கு உள்ளது.

குறுக்குக் கூடத்தின் வளைவுக் கூரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கிருந்த எல்ம் மரங்களை வெட்டக்கூடாது என்று எதிர்ப்பு வந்ததால்தான் 108 அடி உயரத்துக்கு அதை எழுப்பினார்கள். வளைவுகள் 16-உம் இரும்பில்லை, மரத்தை அடுக்கடுக்காகச் சேர்த்தவை. நானும் வெனீர் பட்டைகளை அச்சில் வளைத்து அதே முறையில் செய்யப்போகிறேன்.

அதற்குள் பெயிண்ட் ஆசை வேறு வந்துவிட்டது. அசல் கட்டடத்தின் வண்ணங்களைத் தீர்மானித்த ஓவன் ஜோன்ஸ் உள்ளே நீலம், மஞ்சள், சிவப்பு என்று பிரித்து அடித்திருந்தார். நீலத்தை மட்டும் இரண்டு சாயலில் ஒரு தூணில் அடித்துப் பார்த்தேன், வெளிறியதுதான் கண்ணாடிக்குக் கீழே எடுபடுகிறது. 2 மி.மீ. தூணில் மஞ்சள் கோட்டை டேப் ஒட்டி அடிப்பதா, ரூலிங் பேனாவா (பெயிண்ட் நிரப்பி மெல்லிய கோடு இழுக்கும் பேனா)? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வளைவுகளை ஏற்றுவதற்கு முன் தூண்களை முடித்துவிடுகிறேன்.