ஓரியூர் செம்மண்ணில் அம்மாவின் நேர்ச்சை

புனித அருளானந்தர் மறைசாட்சியாக உயிர்விட்ட ஓரியூர் திருத்தலத்துக்கு அம்மா நேர்ந்துகொண்டது என் தம்பிக்காக. திருவருகைக் காலத்தில் தொழிலுக்குப் போன விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அதிலிருந்த அத்தனை பேரையும் யாழ்ப்பாணத்தில் காவலில் வைத்துவிட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் குடில் வைக்கவில்லை. வாய்தாவுக்கு வாய்தா காவல் நீண்டுகொண்டே போனது. "அருளானந்தரே, என் பிள்ளை கரை சேரட்டும். செருப்பில்லாமல் நடந்து வந்து உம் மண்ணை மிதிக்கிறேன், அவனுக்கு மொட்டை போடுகிறேன்" என்று அம்மா அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பாம்பன் தீவில் எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கு இது புதிய வேதனை அல்ல. இன்று ஒரு வீட்டில் அழுகை என்றால் நாளை அடுத்த வீட்டில். அதனால்தானோ என்னவோ, யாரும் சொல்லாமலே வந்து நின்றார்கள். பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவான அன்பியத்தினர் மாலை தவறாமல் எங்கள் திண்ணையில் செபமாலை சொன்னார்கள். வின்சென்ட் தே பால் சபையிலிருந்து அரிசி வந்தது. மரியாயின் சேனைப் பெண்கள் கருவாட்டுக் கூடையை அம்மாவோடு சேர்ந்து சுமந்தார்கள். பங்குத்தந்தை யாரிடமெல்லாம் தொலைபேசியில் பேசினார் என்று எங்களுக்கு முழுதாகத் தெரியாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிலுவைப்பாதை முடிந்ததும் பங்குத்தந்தை, அக்கரையில் இருக்கும் இலங்கை மீனவர்களுக்காகவும் செபிப்போம் என்றார். நம் இழுவை மடியில் அவர்கள் வலை அறுந்து போகிறது, அந்த வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், கச்சத்தீவில் நாம் மண்டியிடும் அதே அந்தோணியாரிடம்தானே அவர்களும் மண்டியிடுகிறார்கள் என்றார். இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையைச் சிறையில் வைத்துக்கொண்டு கேட்கிற பேச்சு அல்ல அது. அம்மா உட்கார்ந்தே இருந்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு செபமாலை முடிந்த பிறகு, "அக்கரையில் வலை போனவர்களுக்காக" என்று ஒரு பரலோக மந்திரம் கூடுதலாகச் சொன்னார். அன்றிலிருந்து அதை ஒரு நாளும் விடவில்லை.

தவக்காலம் முடிவதற்குள் தம்பி விடுதலையானான். விமானத்தில் சென்னை, அங்கிருந்து வேனில் ஊர். படகு வரவில்லை. ஆள் வந்தானே, அது போதும். அந்த வாரமே ஓரியூருக்குக் கிளம்பினோம்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் எஸ்.பி. பட்டினத்தில் இறங்கினோம். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கூலி கேட்டார். நடக்கப் போகிறோம் என்றதும், "இந்த வெயிலில் கிழவியைச் சாகடிக்கவா?" என்று கத்தினார். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் வேறு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நேர்ச்சைக்கு வருகிறவர்களை இப்படி மறிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மா காதில் எதுவும் விழவில்லை. செருப்பைக் கழற்றி என் பையில் போட்டார், நடந்தார்.

உச்சி வெயில். இருபுறமும் சீமைக்கருவேலம், ஒதுங்க நிழல் இல்லை. தார் உருகிய இடத்தில் அம்மா சாலையோர மண்ணுக்கு இறங்குவார், மண்ணில் முள். குனிந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி தாருக்கு ஏறுவார். "அம்மா, என் முதுகில் ஏறிக்கொள்ளுங்கள்" என்றான் தம்பி. "நீ வந்ததற்கு நடக்கிறேன், உன் மேல் ஏறிப் போனால் அது என்ன நேர்ச்சை?" என்று கேட்டார். ஒரு வீட்டு வாசலில் இருந்த இஸ்லாமியப் பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். பாதி குடித்தோம். மீதியை அவரே அம்மாவின் காலில் ஊற்றினார். இறைவன் அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது.

நடக்கும்போது தம்பிக்கு அருளானந்தர் கதையை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். சிறு வயதில் கேட்டதுதான், ஆனால் இந்த முறை வேறு மாதிரி கேட்டது. லிஸ்பனில் பிரபுக் குடும்பத்தில் 1647இல் பிறந்த பிள்ளை. நோயில் படுத்து உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது, பிழைத்தால் பிள்ளைக்கு ஓராண்டு சேசு சபை அங்கி அணிவிக்கிறேன் என்று அவருடைய தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தார். பிறகு சேசு சபைக் குருவாகி இங்கே வந்தார். எங்கள் ராமநாதபுரம் பக்கத்து மறவ நாட்டில் 1686இல் பிடிபட்டு, வதைபட்டு, பிறகு விடுதலையாகித் தாய்நாடு போனார். அங்கேயே இருந்துவிடச் சொல்லி அரசரே வற்புறுத்தியும் இருக்காமல் 1690இல் இந்த மண்ணுக்கே திரும்பினார். மறவ இளவரசர் தடியத்தேவர் கிறிஸ்தவராக மனம் திரும்பியதால் வந்த பகையில் மறுபடி சிறை. அங்கே மை இல்லாமல் கரியால் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று இந்த ஓரியூரில் பாம்பாற்றுக் கரையில் அவர் தலையை வெட்டினார்கள். செய்தி லிஸ்பனை எட்டியதும் அந்தத் தாய் துக்க உடை உடுத்தவில்லை, திருநாள் உடையில் அரண்மனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். "என்னால் அது முடியாது, சாமி" என்று அம்மா நடுச்சாலையில் நின்று சொன்னார். "என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்தீரே."

திருத்தலத்தில் தவக்காலக் கூட்டம். ஊர் ஊராக வேன்கள். மொட்டைக்கு வரிசை, உப்பு மிளகு போட வரிசை. மறைசாட்சியான இடத்தில் கைபேசியை உயர்த்திப் படம் எடுக்கிறவர்களை விலக்கிக்கொண்டுதான் முன்னால் போக வேண்டியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு தம்பி முழங்காலிட்டான். அம்மா பக்கத்தில் முழங்காலிட்டு முந்தானையை விரித்தார். படகையும் கேளுங்கள் என்று நான் வழியிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா படகைக் கேட்கவில்லை. "அந்த அட்டையைக் கொடு" என்று தம்பியிடம் கை நீட்டினார்.

சோப்புக் கட்டி வந்த அட்டை அது. பிரித்து, உட்பக்கத்தில் சிறையில் இன்னும் இருப்பவர்களின் பெயர்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தான், அவர்கள் வீடுகளுக்குத் தகவல் சொல்வதற்காக. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், நாகப்பட்டினம் என்று ஊரைச் சொல்லி ஆளைச் சொன்னார். அருளானந்தரின் இரத்தம் சிந்திய மண் என்று எல்லோரும் எடுத்துப்போகும் அந்தச் செம்மண்ணில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் வைத்தார். முருகன் பெயர் கொண்டவர் உண்டு, நபிகள் பெயர் கொண்டவர் உண்டு, அந்தோணியார் பெயர் கொண்டவர் உண்டு. எழுத்து அழிந்த இடத்தில் தம்பி காதோடு சொல்லிக் கொடுத்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று சொல்ல ஆரம்பித்தார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் குரல் வரவில்லை. கடைசியாக, "அக்கரையில் வலை போனவர்களுக்கு" என்று அம்மா இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

திருப்பலியில் என்ன பிரசங்கம், எங்கே சாப்பிட்டோம், எந்தப் பஸ்ஸில் திரும்பினோம் என்பதெல்லாம் சரியாக நினைவில்லை. அழுதுகொண்டே நன்றி சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அருளானந்தரே, உமக்கு நன்றி. அரிசி கொடுத்தவர்களுக்கும், திண்ணையில் முழங்காலிட்டவர்களுக்கும், தண்ணீர் தந்த அந்த அம்மாவுக்கும் நன்றி.

செம்மண்ணை அம்மா சிறு சிறு பொட்டலமாகக் கட்டியிருக்கிறார். அட்டையில் இருக்கும் வீடுகளுக்குத் தம்பி கொண்டுபோய்க் கொடுக்கிறான். மண்டபத்துக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் ஜெகதாப்பட்டினம் போகிறான். ஓரியூர் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.