10 மில்லி ரத்தம், 6,000 பிரதிகள்: பெருங்குடல் புற்றுநோயில் கட்டி டிஎன்ஏவைத் தேடும் வேலை

அறுவை முடிந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறதா, அதை வைத்து நோய் திரும்புமா என்று கணிக்க முடியுமா? இந்தப் பரிசோதனையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த இயந்திரம், எந்த கிட் என்பதைத்தான். நாங்கள் முதலில் போடுவது ஒரு கணக்கு.

10 மில்லி ரத்தத்திலிருந்து சுமார் 4 மில்லி பிளாஸ்மா கிடைக்கும். ஒரு மில்லி பிளாஸ்மாவில் செல்லுக்கு வெளியே மிதக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் 1 முதல் 10 நானோகிராம் வரை. 5 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20 நானோகிராம். ஒரு நானோகிராமில் மனித மரபுத்தொகுதி ஏறக்குறைய 300 பிரதிகள். ஆக, கையில் இருப்பது 6,000. அதில் கட்டியின் பங்கு 0.1% என்றால் தேட வேண்டியது 6 பிரதிகள். 0.01% என்றால் 0.6. அதாவது, குறையே இல்லாத கருவியைக் கொண்டு தேடினாலும், ஒரே ஒரு மரபு மாற்றத்தை நம்பினால் பாதிக்கு மேற்பட்ட குழாய்களில் அது இருக்கவே இருக்காது. கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த 6,000ஐக் கீழே சிந்தாமல் கடைசிவரை கொண்டுபோகும் வழிதான்.

முதலில் குழாய். ஹெப்பாரின் (உறைவதைத் தடுக்கும் மருந்து) குழாய் வேண்டாம், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரை முடக்கும். ரத்தத்தை உறையவிட்டு எடுக்கும் சீரமும் வேண்டாம். ரத்தம் உறையும்போது வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடும். கட்டியின் பங்கு அதில் கரைந்து போகும். உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உப்பு உள்ள குழாய் போதும், ஆனால் 4 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். அது நடக்காத இடங்களில் செல்களை உடையாமல் நிறுத்திவைக்கும் பதப்பொருள் உள்ள ஸ்ட்ரெக் வகைக் குழாய். அறை வெப்பத்தில் 14 நாள் வரை தாங்கும். அந்தக் குழாயைப் ‘பத்திரமாக’ ஃபிரிட்ஜில் வைப்பதுதான் நாங்கள் அதிகம் எதிர்கொள்ளும் தவறு. குளிர் அதற்கு ஆகாது. ரத்தம் எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்க வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். குறியீட்டுக் கோடு வரை நிரப்பாவிட்டால் பதப்பொருளின் விகிதம் தப்பும்.

பிரிப்பது இரண்டு சுற்று. முதல் சுற்று 1,600 ஜி (புவியீர்ப்பின் 1,600 மடங்கு விசை), 10 நிமிடம், பிரேக் போடாமல். பிரேக் போட்டால் அடியில் படிந்த வெள்ளணுப் படலம் கலங்கி மேலே வரும். பிளாஸ்மாவை எடுக்கும்போது படலத்துக்கு மேலே அரை மில்லியை விட்டுவிடுங்கள். அந்தக் கடைசித் துளிகளுக்கு ஆசைப்பட்டு பிப்பெட்டை இறக்கினால், சில ஆயிரம் வெள்ளணுக்கள் கூடவே வந்துவிடும். ஒவ்வொன்றும் இரண்டு முழுப் பிரதிகள். நம்மிடம் இருப்பதோ மொத்தமே 6,000. இரண்டாம் சுற்று 16,000 ஜி, 10 நிமிடம். மிச்சமிருக்கும் செல் துணுக்குகள் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, அதைக் குறித்து வைக்க வேண்டும். பிறகு 1 அல்லது 2 மில்லியாகப் பிரித்து −80 டிகிரியில். உறைந்ததை உருக்கி மறுபடி உறைய வைப்பது கூடாது.

வெள்ளணுப் படலத்தைத் தூக்கி எறியாதீர்கள். அது ஏன் வேண்டும் என்பது பின்னால் வரும்.

பிளாஸ்மாவிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியைச் சேர்த்து 60 டிகிரியில் 30 நிமிடம், பிறகு டிஎன்ஏவைப் பிடித்துவைக்க சிலிக்கா சவ்வோ காந்த மணிகளோ. கழுவிய எத்தனால் சவ்வில் தங்கிவிட்டால் பிசிஆர் தடுமாறும் என்பதால் 56 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்திய பிறகே டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டர் கரைசலில் இறக்குகிறோம். டிஎன்ஏ சுவரில் ஒட்டாத குழாய்களில்தான் சேமிக்க வேண்டும். அளவு பார்க்க, ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவி வேண்டாம். இவ்வளவு குறைந்த செறிவில் அதன் எண்ணுக்கு அர்த்தமில்லை, பிரித்தெடுப்பில் சேர்த்த துணை ஆர்என்ஏவையும் அது கணக்கில் சேர்த்துவிடும். கியூபிட் போன்ற ஒளிர்வு அளவி வேண்டும்.

அளவோடு டிஎன்ஏ துணுக்குகளின் நீளத்தையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை. நல்ல மாதிரியின் வரைபடத்தில் 166 கார இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அருகே ஒரு கூர்மையான முகடு, அதன் இருமடங்கில் ஒரு சிறு முகடு. செல்லில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருண்டையான நியூக்ளியோசோமைச் சுற்றிய நீளம் அது. 1,000க்கு மேல் மேடு தெரிந்தால் வெள்ளணு உடைந்திருக்கிறது. ‘டிஎன்ஏ நிறையக் கிடைத்தது’ என்று மகிழ வைக்கும் மாதிரிகளில் பல இப்படிப்பட்டவைதான்.

துணுக்கின் நீளம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. 166 நீளத் துணுக்கில் 150 நீளத்தைப் பெருக்கும் பிரைமர் (பிசிஆர் எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ) வைத்தால், நாம் தேடும் பகுதி வெட்டுப்படாமல் முழுதாக இருப்பது சுமார் பத்தில் ஒன்றில்தான். 80 நீளத்துக்கு வைத்தால் பாதியில் இருக்கும். திசுவுக்காக வடிவமைத்த பிரைமரை அப்படியே ரத்தத்துக்குக் கொண்டுவந்தால், 6,000 பிரதிகளில் 600தான் வேலைக்கு வரும்; இயந்திரம் அதைச் சொல்லாது.

மாதிரியை ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தேடும் துளி வகை டிஜிட்டல் பிசிஆரில், தட்டின் ஒரு கிணற்றில் (சிறு குழியில்) 20 மைக்ரோலிட்டர் கலவை, சுமார் 20,000 துளிகள். 10,000க்குக் கீழே வந்தால் அந்தக் கிணற்றை ஒதுக்குகிறோம். ஒரு கிணற்றில் 8 மைக்ரோலிட்டர் மாதிரிதான் போகும். எனவே 50 மைக்ரோலிட்டரில் ஏறக்குறைய முழுவதையும் பார்க்க ஆறு கிணறு தேவை. மிச்சம் பிடிக்க ஒரே கிணற்றில் ஓட்டிவிட்டு ‘இல்லை’ என்பது, ஆறில் ஐந்து பங்கைப் பார்க்காமலே சொன்ன பதில். ஒவ்வொரு ஓட்டத்திலும் மாற்றமில்லாத டிஎன்ஏ மட்டும் உள்ள கிணறுகளும் வேண்டும். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் தானாகச் சிதைந்து மாறுவதால் அவற்றிலும் ஒன்றிரண்டு போலிப் புள்ளிகள் வரும். அந்த எண்ணிக்கையைத் தாண்டினால்தான் நேர்மறை.

எதைத் தேடுவது? கே-ராஸ் மரபணுவில் மாற்றம் முற்றிய நோயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், பி-ராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் பத்துக்கு அருகில். ஒன்றை மட்டும் வைத்தால் பலர் விடுபடுவார்கள். கட்டித் திசுவை முதலில் வரிசைப்படுத்தி, அவரவர் கட்டிக்கே உரிய 16 மாற்றங்களைத் தேடும் முறை இந்தக் கணக்கை மாற்றுகிறது: 0.6 பிரதி என்பது 16 இடங்களில் சேர்ந்து கிட்டத்தட்ட 10 ஆகிறது. அதற்குக் கொடுக்கும் விலை நேரம்தான். திசு கிடைத்து, வரிசைப்படுத்தி, தனி பேனல் தயாராகச் சில வாரங்கள் போகும். அறுவை நடந்த அன்றே திசுவுக்குச் சொல்லிவைப்பது நல்லது. திசு இல்லாதவர்களுக்கு மெத்திலேற்றக் குறிகள் (டிஎன்ஏ மீது ஒட்டும் வேதிக் குறிகள்) சில மரபணுக்களில் இருக்கின்றன: செப்டின்9, பிகேட்1, ஐகேஇசட்எஃப்1, என்பிஒய், டபிள்யூஐஎஃப்1. பெரும்பாலான பெருங்குடல் கட்டிகளில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் அந்தக் குறிகளைப் படிக்கச் செய்யும் பைசல்ஃபைட் வேதிப் படியில் டிஎன்ஏவின் கணிசமான பங்கு சிதைந்துபோகும். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

இப்போது அந்த வெள்ளணுப் படலம். வயது ஏற ஏற எலும்பு மஜ்ஜையின் சில செல்கள் மாற்றம் பெற்றுப் பெருகுகின்றன. டிஎன்எம்டி3ஏ, டெட்2 மரபணுக்கள் தவிர டிபி53யிலும் இது வரும். பெருங்குடல் கட்டியிலும் டிபி53 அடிக்கடி மாறுவதால், பிளாஸ்மாவில் தெரியும் டிபி53 மாற்றம் கட்டியினுடையதா ரத்த செல்லினுடையதா என்பதை அதே நபரின் வெள்ளணு டிஎன்ஏவையும் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எப்போது எடுப்பது என்பதில் அவசரம் கெடுக்கும். கட்டி டிஎன்ஏவின் அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம்தான். அதனால் அறுவைக்கு மறுநாளே எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் காயம்பட்ட திசு வாரக்கணக்கில் டிஎன்ஏவைக் கொட்டிக்கொண்டிருக்கும், கட்டியின் பங்கு நீர்த்துவிடும். 2022இல் வெளியான டைனமிக் ஆய்வில், இரண்டாம் நிலை (நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத) நோயாளிகள் 455 பேருக்கிடையே, இந்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்துக் கீமோ முடிவான குழுவில் அறுவைக்குப் பின் 4ஆம் வாரமும் 7ஆம் வாரமும் ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குழுவில் கீமோ பெற்றவர்கள் 15%, வழக்கமான முறையில் 28%. இரண்டு ஆண்டில் நோய் திரும்பாதவர்கள் முறையே 93.5%, 92.4%. கீமோவைப் பாதியாகக் குறைத்தும் பாதகம் இல்லை. கீமோ நடக்கும்போது எடுத்தால் மருந்து கட்டி டிஎன்ஏவைத் தற்காலிகமாக அடக்கி ஏமாற்றும். தொடங்கும் முன் எடுப்பதே தெளிவு.

முடிவைப் படிப்பதில் நிதானம் வேண்டும். 2016இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், கீமோ பெறாத இரண்டாம் நிலை நோயாளிகள் 178 பேரில் 14 பேருக்கு நேர்மறை. அவர்களில் 11 பேருக்கு நோய் திரும்பியது. இந்த எண்ணைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எதிர்மறையாக இருந்த 164 பேரில் 16 பேருக்கும் திரும்பியது. திரும்பிய 27 பேரில் பெரும்பங்கு ‘இல்லை’ என்று சொல்லப்பட்டவர்கள். நுரையீரலிலும் வயிற்று உள்ளுறையிலும் பரவும் நோய், கல்லீரலில் பரவுவதைவிடக் குறைவாகவே டிஎன்ஏவை ரத்தத்தில் விடுகிறது என்பதும் இதில் சேரும். நேர்மறை வந்தால் கீமோ கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் தானாக நிரூபணமாவதில்லை. 2ஏ நிலையில் அதைச் சோதித்த கோப்ரா ஆய்வு இரண்டாம் கட்டத்திலேயே நிறுத்தப்பட்டது.

அதனால் எங்கள் அறிக்கையில் ‘எதிர்மறை’ என்ற ஒற்றைச் சொல் போவதில்லை. பிளாஸ்மா எத்தனை மில்லி, ஆய்வுக்குள் போன பிரதிகள் எத்தனை, அந்த எண்ணிக்கையில் கட்டியின் பங்கு எவ்வளவு குறைவாக இருந்தால் வரை தெரியும் என்ற மூன்றையும் சேர்த்து ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுகிறோம். பிரதிகள் 2,000க்குக் கீழே போனால் புதிதாக இரண்டு குழாய் ரத்தம் கேட்கிறோம். விளிம்பில் நிற்கும் நேர்மறைக்கு, −80இல் இருக்கும் மிச்சப் பிளாஸ்மாவை எடுத்து மறுபடி ஓட்டிய பிறகே மருத்துவருக்குத் தகவல் போகும்.