ஃப்ரீலான்ஸ் விளையாட்டுப் புகைப்படம்: மைதானத்திலிருந்து எடிட்டர் மேசை வரை

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். 400 மிமீ எஃப் 2.8 (தூரத்தைக் கிட்டே இழுத்து, வெளிச்சமும் அதிகம் வாங்கும் பெரிய லென்ஸ்) இல்லாமல் காலூன்ற முடியுமா? முடியும். ஃப்ரீலான்ஸருக்கு இரண்டாம் முறை அழைப்பு வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: படம் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, படத்தில் இருப்பவரின் பெயர் சரியாக இருந்ததா. பெரிய ஏஜென்சியில் எடுப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் ஒருவர், குறிப்பு எழுதி அனுப்புபவர் இன்னொருவர். தனியாள் இந்த மூன்றையும் ஆட்டம் நடக்கும்போதே செய்தாக வேண்டும்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டு கேமரா உடல்கள், 70-200 மிமீ எஃப் 2.8 ஒன்று, லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்று. கன்வர்ட்டரைப் போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய் எஃப் 4 ஆகிவிடும். பகலில் தாங்கும், விளக்கொளியில் தாங்காது. 300 அல்லது 400 மிமீ தேவைப்படும் ஆட்டத்துக்கு நாள் வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையைக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். வாடகை லென்ஸை ஆட்டத்துக்கு முந்தைய நாளே வாங்கி ஃபோகஸ் சோதித்துப் பாருங்கள்.

ஷட்டர் வேகம் கால்பந்துக்குக் குறைந்தது 1/1000 நொடி. டென்னிஸ், பேட்மின்டன், கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படும் கணம் வேண்டுமென்றால் 1/2000. பாதி வெயில், பாதி நிழல் விழும் மைதானத்தில் ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்வது) உதவும். இரவு விளக்கில் அந்த வெயில்-நிழல் மாற்றம் இல்லை என்பதால் ஐஎஸ்ஓவையும் கையாலேயே பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளைச் சட்டை அணி வரும்போது படம் இருளும், கறுப்புச் சட்டை வரும்போது வெளுக்கும். 1/1000, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை என்பது இரவு ஆட்டத்தின் வழக்கமான கணக்கு. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரை 1/500க்கு இறக்காதீர்கள். நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பை) பிறகு குறைக்கலாம், கலங்கிய முகத்தை மீட்க முடியாது.

தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களில் நான்கு மட்டும் மஞ்சளடித்து இருண்டிருந்தால் கேமராவில் கோளாறு இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/1000இல் எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்த ஏற்ற இறக்கத்தின் வெவ்வேறு புள்ளியில் விழுகிறது. கேமராவின் ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வசதியைப் போட்டால் உச்ச வெளிச்சம் வரும்வரை காத்திருந்து சுடும். தொடர்வேகம் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். எல்ஈடி விளம்பரப் பலகைகளில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது வேறு சிக்கல். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரி வரியாகப் படிப்பதால் வருவது அது. வேகமாகப் படிக்கும் சென்சார் இல்லாத கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

உட்காரும் இடத்தை வாடிக்கையாளரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு அணிக்காக வேலை என்றால் அந்த அணி தாக்கும் கோல் பக்கம், கார்னர் கொடிக்கு அருகே, தாழ்வான ஸ்டூலில். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும்போது நீங்களும் மாற அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். கிரிக்கெட்டில் வலக்கை மட்டையாளரின் மார்பும் முகமும் ஆஃப் பக்கம் பார்த்திருக்கும். இடக்கையர் வந்ததும் அதே இடம் லெக் பக்கமாகிவிடும், கிடைப்பது முதுகுதான். கோல்ஃபில் மட்டை பந்தில் படும்வரை ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது. ஃப்ளாஷ் பொதுவாக எங்குமே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம்: படக்குறிப்பு. "கோல் அடித்த மகிழ்ச்சி" என்பது படக்குறிப்பு ஆகாது. யார், எந்த அணி, என்ன செய்கிறார், எந்தப் போட்டி, எந்த மைதானம், எந்தத் தேதி என எல்லாமே வேண்டும். முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் இருக்கட்டும்: இன்ன அணியின் இன்னார் (நீலச் சட்டை, எண் 10) 63ஆவது நிமிடத்தில் தன் அணியின் இரண்டாவது கோலை அடித்துவிட்டுக் கொண்டாடுகிறார். இதைப் படக் கோப்புக்குள்ளேயே சேரும் ஐபிடிசி மெட்டாடேட்டா என்ற தகவல் பகுதியிலேயே பதிய வேண்டும். மின்னஞ்சலில் தனியாக எழுதினால் படம் இரண்டு கை மாறுவதற்குள் குறிப்பு தொலைந்துவிடும்.

ஆட்டத்தின் நடுவே இவ்வளவையும் தட்டச்சு செய்ய நேரம் கிடைக்காது. அதற்குத்தான் போட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருளில் குறியீட்டு மாற்று வசதி இருக்கிறது. அணிப் பட்டியல் கையில் கிடைத்ததும் ஒரு எளிய டெக்ஸ்ட் கோப்பு உருவாக்குங்கள்: வரிக்கு ஒரு வீரர், அணியின் முதலெழுத்தும் சட்டை எண்ணும் சேர்ந்த குறியீடு, ஒரு டேப் இடைவெளி, பிறகு முழுப் பெயரும் அணியும். குறிப்பில் அந்தக் குறியீட்டைத் தட்டினால் முழுப் பெயர் தானாக விரியும். இரண்டு அணிக்கும் ஒரே முதலெழுத்து வந்தால் ஒன்றை மாற்றிவிடுங்கள். எதிரணி வீரரின் பெயரில் கோல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெயரின் எழுத்துகளை அதிகாரபூர்வ அணிப் பட்டியலிலிருந்து மட்டுமே எடுங்கள்.

சட்டை எண் தெரியாத படமே குறிப்பெழுதும்போது கழுத்தைப் பிடிக்கும். மோதல் முடிந்ததும் கேமராவை இறக்காமல் அந்த வீரர் திரும்பும்வரை பின்தொடர்ந்து முதுகை ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் ஸ்கோர் பலகையை ஒரு படம். இரண்டு கேமராவின் கடிகாரமும் நொடி சுத்தமாக ஒத்திருக்க வேண்டும். வெளிநாடு போய் இறங்கியதும் முதல் வேலை அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது. மறந்தால் நள்ளிரவை ஒட்டிய ஆட்டத்தின் தேதியே தவறாகப் பதியும்.

அனுப்பும் வேலைக்குக் கேமராவின் பூட்டு பொத்தானை (படம் அழியாதபடி குறியிடுவது) பயன்படுத்துங்கள். கோல் விழுந்ததா? நல்ல இரண்டு மூன்று படத்தைப் பூட்டிவிட்டு, ஆட்டம் நிற்கும்போது பூட்டியவற்றை மட்டும் கணினியில் இறக்கி, வெட்டி, நேராக்கி, குறிப்பு எழுதி, எஃப்டிபியில் (கோப்பை நேரே எடிட்டரின் சர்வருக்கு அனுப்பும் முறை) தள்ளுங்கள். நீளப் பக்கம் 3000 பிக்சல் கொண்ட ஜேபெக் செய்திக்குப் போதும். அரங்கம் நிரம்பியபின் கைபேசி இணையம் படுத்துவிடும். அதனால் சொந்தமாக 10 மீட்டர் லேன் கேபிளும் அடாப்டரும் பையில் இருக்கட்டும். பார்வையாளர் வருவதற்கு முன்பே ஒரு சோதனைப் படம் அனுப்பி, அது சேர்ந்ததா என்று மறுமுனையில் கேட்டு உறுதி செய்யுங்கள். வெட்டலாம், வெளிச்சம் திருத்தலாம். பின்னால் துருத்தும் ஒரு கம்பத்தை அழித்தால்கூடச் செய்திப் படம் என்ற தகுதி போய்விடும்.

வெளிநாட்டுப் போட்டிக்கு விண்ணப்பிக்கும்போது ஃப்ரீலான்ஸரிடம் அநேகமாக எல்லோரும் கேட்பது ஊடக நிறுவனத்தின் பணி ஒப்படைப்புக் கடிதம். ஒலிம்பிக் புகைப்பட அனுமதி அந்தந்த நாட்டு ஒலிம்பிக் குழுவின் ஒதுக்கீட்டில் வருவது. அந்த வேலை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். பல்கலைக்கழக, இளையோர் போட்டிகளில் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் சர்வதேச ஒலிம்பிக் குழு தொடங்கிய இளம் செய்தியாளர் திட்டம் புகைப்படக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. 1924இல் பாரிஸில் உருவான சர்வதேச விளையாட்டுப் பத்திரிகையாளர் சங்கமான ஏஐபிஎஸ்ஸின் அட்டையும் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும்.

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்ற யோசனை வேண்டாம். பல நாடுகளில் பத்திரிகையாளருக்குத் தனி விசா உண்டு. அமெரிக்காவின் ஐ விசாவுக்கு ஃப்ரீலான்ஸர் ஊடக நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும்.

கருவிகளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்கு வரியின்றிக் கொண்டுபோக ஏடிஏ கார்னே. வணிகச் சபைகள் தரும் இந்தச் சுங்க ஆவணம் அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஒவ்வொரு கேமராவும் லென்ஸும் வரிசை எண்ணோடு பட்டியலில் இருக்க வேண்டும். வழக்கமாக நடக்கும் தவறு, அவசரத்தில் சுங்கத்தின் பச்சை வழியில் (அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கானது) நடந்து வெளியே வந்துவிடுவது. போன நாட்டை விட்டுக் கிளம்பும்போது கார்னேயில் முத்திரை வாங்கவில்லை என்றால் பொருளை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி மாதங்கள் கழித்து வரி கேட்டு ஓலை வரும். கார்னே ஏற்காத நாட்டுக்குப் போவதாக இருந்தால், புறப்படும் முன் சொந்த நாட்டுச் சுங்கத்திடம் வரிசை எண்களைப் பதிந்து சான்று வாங்குங்கள். திரும்பும்போது சொந்தக் கேமராவுக்கே வரி கட்டும் நிலை வராது.

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 10.8 வோல்ட், 2500 எம்ஏஹெச் (அதாவது 2.5 ஆம்பியர்-மணி) கேமரா பேட்டரி 27 வாட்-மணி, பிரச்சினை இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவன அனுமதி தேவை. 3.7 வோல்ட், 30000 எம்ஏஹெச் பவர் பேங்க் 111 வாட்-மணி. பாதுகாப்புச் சோதனையில் மாட்டுவது இதுதான்.

கட்டணம் பேசும்போது நாள் கூலியோடு நின்றுவிடாதீர்கள். பயணம், வாடகைக் கருவி ஆகியவற்றோடு பயன்பாட்டையும் எழுத்தில் வையுங்கள்: எந்த ஊடகம், எத்தனை காலம், எந்த நாடுகள், பிரத்யேகமா இல்லையா. "எல்லா உரிமைகளும்" என்ற ஒரு வரியில் கையெழுத்திட்டால் அந்தப் படத்தை நீங்களே பிறகு விற்க முடியாது. அனுமதி அட்டையின் நிபந்தனைகள் வழக்கமாகச் செய்திப் பயன்பாட்டை மட்டுமே அனுமதிக்கும். அதே படம் ஷூ விளம்பரத்துக்குப் போனால் வீரரின் ஒப்புதலும் போட்டி அமைப்பாளரின் ஒப்புதலும் தேவைப்படும். மழையால் ஆட்டம் ரத்தானால் எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் பணம் தரும்போது அங்கேயே வரி பிடிக்க வாய்ப்புண்டு. இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் வரி வதிவிடச் சான்றை (எந்த நாட்டில் வரி கட்டுபவர் என்பதற்கான சான்று) இன்வாய்ஸுடனேயே அனுப்புங்கள். வங்கிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை இன்வாய்ஸின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

போர்ட்ஃபோலியோவுக்கு 20 படம் போதும். அதோடு ஒரே ஆட்டத்தின் 15 படங்களை முழுத் தொகுப்பாகத் தனியே வையுங்கள்: வார்ம்-அப், மோதல், கோல், பயிற்சியாளர் முகம், தோற்றவர் உட்கார்ந்திருக்கும் மூலை. ஒரு ஆட்டத்தை முழுசாக ஒப்படைக்கலாமா என்று எடிட்டர் அதை வைத்துத்தான் பார்ப்பார். இணையத்துக்காக ஏற்றுமதி செய்யும்போது பல மென்பொருள்கள் மெட்டாடேட்டாவை உருவி எறிந்துவிடும். அந்த அமைப்பை மாற்றிவிட்டு, ஒரு படத்தைத் திரும்ப இறக்கித் திறந்து, குறிப்பு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தபின் இணைப்பை அனுப்புங்கள்.